மூன்றாம் அடி

புதுவயலில் அரிசி ஆலை நின்ற பிறகுதான்
எங்கள் ஒலிப்பதிவு தொடங்கும்.
இரவு பதினொன்று, சில நாள் பன்னிரண்டு.
மாடியறைச் சுவரெங்கும்
சாக்குகளை ஆணியடித்திருந்தான் ஜெரால்டு.
உமித் தூசியில் தொண்டை கமறும்.
"இருமலை வெட்டிடவாய்யா?"
"இருக்கட்டும்.
எழுபத்திரண்டு வயசுக்கு அதுவும் ஒரு தாளந்தான்."

ஒன்பது பாட்டு.
உறுமி இல்லை, நையாண்டி மேளம் இல்லை.
சாத்தையா போன ஐப்பசியோடு தவிலை இறக்கிவைத்துவிட்டான்.
சர்க்கரை அவன் கால்விரல் இரண்டை எடுத்துக்கொண்டது.
வந்து ஓரமாக உட்கார்ந்து
தொடையில் மட்டும் தட்டுவான்.
அதையும் பதியச் சொன்னேன்.
முதல் காசெட்டின் அட்டையில்
அவன் பேருக்கு இடமில்லை என்றார்கள்.
என் சிவப்புத் துண்டுக்கு இடம் இருந்தது.

அந்தக் காசெட்
கல்லுக்கட்டியில் கடைக்குக் கடை அலறியது.
தேவகோட்டை பஸ்ஸில் ஓட்டுநர் ஒருவர் தேய்த்தே தீர்த்தார்.
பினாங்கில் ஒரு பூச்சொரிதலுக்கு
என்னை விமானம் ஏற்றிக் கூட்டிப்போனது.
எல்லாம் ஒரே பாட்டால்,
அதிலும் மூன்றாம் அடியால்.

   மறுகாத் தண்ணி மடை தாண்டிப் போச்சு
   மஞ்சக் கெழங்கு வச்சு மூணு மாசமாச்சு
   வெள்ளி மொளைக்க விட்டுப் போனான்

'போனான்' வரும்போது குரலை உடைப்பேன்.
நாற்பது வருடம் அதே இடத்தில் உடைந்தது,
பாத்திரம் வைத்த இடத்திலேயே சொட்டுகிற
கூரை ஒழுக்கு மாதிரி.
பெண்கள் முந்தானையை எடுப்பார்கள்.
நானும் இரண்டொரு தடவை
நிஜமாகவே அழுதிருக்கிறேன்.

பாட்டு என்னுடையதல்ல.
சாக்கோட்டைக் கண்மாய்க்குக் கீழே நடவில்
ஒருத்தி பாடினாள். நான் வரப்பில்
சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
காற்று பாதியைத் தின்றது.
மீதியை நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த ஆல்பத்திலாவது அவள் பெயர் இருக்கட்டும் என்று
தேடிப் போனேன். வெள்ளச்சி.
டிவி சத்தத்தைக் குறைக்காமலே
"பாடு" என்றாள்.
பாடினேன். உடைத்தேன்.
சிரித்தாள், வெற்றிலைச் சாறு தெறிக்க.

"போனானா? எவன் போனான்?
போனேன்யா, போனேன்!
நான்ல அவனை விட்டுட்டு வந்தேன்,
நாத்துமுடி கணக்கா புள்ளையத் தூக்கிக்கிட்டு.
அழுகுறதுக்கா அதைக் கட்டுனேன்?
குனிஞ்சு நடுறப்ப இடுப்புவலி மறக்கக் கட்டுனது."

னாவுக்கும் னேவுக்கும் இடையில்
நாற்பது வருடம்
ஊர் ஊராக அழவைத்திருக்கிறேன்.

கொண்டுபோன உறையைப் பிரித்து எண்ணினாள்.
"இத்தனை வருசத்துக்கு இம்புட்டுத்தானா?"
அடுத்த வாரம் மறுபடி போனேன்.
பேர் போட்டுக்கொள், படம் வேண்டாம் என்றாள்.
"அவன் இன்னும் கண்டனூர்ல உசுரோடதான் இருக்கான்."

பாட்டைத் திருத்துவது சுலபம்.
தொண்டையைத் திருத்த முடியவில்லை.
அந்த அடி வந்தால் தானாக விம்முகிறது,
வண்டிமாடு பழைய வீட்டுக்குத் திரும்புவதுபோல.
பதினோரு தடவை அழித்தான் ஜெரால்டு.
பன்னிரண்டாவதில்
உடையாமல், இழுக்காமல்,
விடிவதற்குள் ஊரெல்லையைத் தாண்டவேண்டிய
ஒருத்தியின் நடைக்குப் பாடினேன்.
சாத்தையாவின் கை
சொல்லாமலே வேகம் பிடித்தது.
கீழே தவிடு அள்ளிக்கொண்டிருந்தவர்கள்
பாட்டு முடிந்ததா என்று கேட்டு
மறுபடி அள்ளினார்கள்.

செவ்வாய்த் திருவிழா, கொப்புடையம்மன் கோவில் மேடை.
புதுப் பாட்டு நான்கு பாடினேன்.
கூட்டம் கரும்பு வாங்கப் போய்விட்டு வந்தது.
பிறகு அதைக் கேட்டார்கள். எடுத்தேன்.
மறுகாத் தண்ணியில் விசில்,
மஞ்சக் கெழங்கில் கைத்தட்டு,
மூன்றாம் அடியில் நான் மட்டும் தனியே 'போனேன்',
ஊர் முழுக்க 'போனான்'.

ஒரு நொடி எல்லோரும் நின்றார்கள்.
முன்வரிசையில் ஒரு பையன்,
காசெட் காலத்தில் பிறந்தேயிருக்க மாட்டான்,
வாயருகே கையைக் குவித்து
மிகுந்த இரக்கத்தோடு எடுத்துக் கொடுத்தான்:
"போனான், தாத்தா, போனான்!"

"சரிப்பா" என்றேன்.
தண்ணீர் குடித்தேன்.
மறுபடி முதலடியிலிருந்து தொடங்கினேன்.
போனேன்.